ராமநாதபுரம் கரையோரப் பயணமும் மாறிவரும் காலநிலையும்

காலநிலை மாற்றத்துக்குப் போக்குவரத்துத் துறை என்ன செய்யப் போகிறது என்று யார் கேட்டாலும், பேச்சு பெரும்பாலும் மின்சாரக் காரில்தான் போய் நிற்கிறது. தொண்டியிலிருந்து தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரை நீளும் எங்கள் கரையில் கார் வைத்திருக்கும் வீடுகளைவிடப் பேருந்துக்குக் காத்து நிற்கும் வீடுகளே அதிகம். மீன்கூடையோடு சந்தைக்குப் போகும் பெண்கள், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள், ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் போகும் முதியவர்கள் எல்லோருடைய பயணமும் இன்றைக்கும் மிகக் குறைந்த எரிபொருளில்தான் நடக்கிறது. இந்தப் பயண முறையைக் கைநழுவ விடாமல் வலுப்படுத்துவதுதான் எங்கள் மாவட்டத்தில் முதலில் செய்ய வேண்டிய வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு அடுத்தபடியாக, போக்குவரத்து என்று யாரும் எண்ணிப் பார்க்காத மீன்பிடிப் படகுகளின் டீசலைக் கணக்கில் கொண்டுவர வேண்டும்.

காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2019-இல் உலக அளவில் எரிசக்திப் பயன்பாட்டால் வெளியான கார்பன் டை ஆக்சைடில் சுமார் 23 விழுக்காடு போக்குவரத்திலிருந்து வந்தது. போக்குவரத்தின் நேரடி உமிழ்வில் ஏறக்குறைய 70 விழுக்காடு சாலை வாகனங்களுடையது. ரயிலின் பங்கு ஒரு விழுக்காடு அளவுதான். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோவும், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோவும் கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலக்கிறது. இந்த இரண்டு எண்களும் நினைவில் இருந்தால் எவரும் தம் ஊர்க் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்க முடியும்.

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் ஓடும் ஒரு சாதாரணப் பேருந்து இந்தத் தூரத்துக்குப் பதினோரு லிட்டர் டீசல் குடிக்கும். அதில் ஐம்பது பேர் ஏறியிருந்தால் ஆளுக்கு 600 கிராம் அளவுக்குத்தான் உமிழ்வு விழுகிறது. லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் தரும் ஸ்கூட்டரில் ஒருவர் தனியாகப் போனால் இரண்டரைக் கிலோ. லிட்டருக்குப் பதினைந்து தரும் காரில் இருவர் போனால் ஆளுக்கு நான்கு கிலோவுக்கு மேல். பேருந்தில் போகிறவர் ஸ்கூட்டருக்கு மாறினால் உமிழ்வு நான்கு மடங்காகிறது, காருக்கு மாறினால் ஏழு மடங்காகிறது. ஆகவே, பேருந்தில் போய்க்கொண்டிருந்தவர் ஏன் அதை விட்டுப் போகிறார் என்ற கேள்வியைக் காலநிலைக் கேள்வியாகவே நான் பார்க்கிறேன்.

எனக்குத் தெரிந்த வரையில் யாரும் வசதிக்காக மட்டும் பேருந்தை விட்டுப் போவதில்லை. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் மாலைக்குப் பிறகு பேருந்து அரிதாகிவிடும். ஜவுளிக்கடையிலும் மருந்துக்கடையிலும் வேலை பார்க்கும் பெண்கள் கடை அடைத்து வெளியே வரும்போது ஊருக்குப் போகும் கடைசிப் பேருந்து கிளம்பியிருக்கும். சில நாள் ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துப் போவார்கள். சில நாள் அண்ணனோ தம்பியோ வண்டியை எடுத்துக்கொண்டு வந்து அழைத்துப் போவார்கள், அதாவது ஒருவரை வீடு சேர்க்க வண்டி இருமுறை ஓடுகிறது. கொஞ்ச நாளில் தவணைக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்குவார்கள். வாங்கிய பிறகு காலைப் பயணத்துக்கும் அவர்கள் பேருந்தை நாடுவதில்லை. இரவில் ஒரு நடை குறைந்ததால் பகல் முழுவதற்குமான பயணிகளை அந்தத் தடம் இழக்கிறது. பயணிகள் குறைந்ததைக் காரணம் காட்டி அடுத்த நடையும் நிறுத்தப்படுகிறது. இந்தச் சரிவைத் தடுக்கப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் கிளம்பும் ஒரு பேருந்தும், அது தவறாமல் வரும் என்ற நம்பிக்கையும் போதும்.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அறிவிக்கப்பட்டபோது அதைப் பெண்கள் நலத் திட்டமாகவே எல்லோரும் பேசினார்கள்; அது அப்படிப்பட்டதுதான். ஆனால் காலநிலையின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டில் நடந்த பயனுள்ள போக்குவரத்து முடிவுகளில் அதை முன்வரிசையில் வைப்பேன். பாம்பன், மண்டபம் பக்கத்து மீன்காரப் பெண்களுக்கு மிச்சமாகும் பேருந்துக் கட்டணம் அன்றைய வரும்படியில் கணிசமான பங்கு. அந்தப் பெண்களின் மீன்கூடைக்குப் பேருந்தில் மரியாதையான ஓர் இடம் ஒதுக்கப்பட வேண்டும் என்பதையும் இதே மூச்சில் சொல்ல விரும்புகிறேன்.

வெயிலையும் விட்டுவிட முடியாது. சித்திரை, வைகாசியில் நிழல் இல்லாத நிறுத்தத்தில் அரை மணி நேரம் நிற்பது வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உடல்நலச் சிக்கல். சாலையை அகலப்படுத்தும்போது வெட்டப்பட்ட புளியும் வேம்பும் மீண்டும் வைக்கப்படவில்லை. தகரக் கூரை போட்ட நிழற்குடைகளுக்குள் வெளியைவிட வெக்கை அதிகம். வெப்பம் ஏற ஏறப் பேருந்து நிறுத்தத்தின் நிழலையும் போக்குவரத்துத் திட்டத்தின் உறுப்பாக எண்ண வேண்டியிருக்கிறது. பூவரசும் புங்கையும் இந்த உப்புக்காற்றைத் தாங்கி வளரும் மரங்கள்தாம்.

ரயிலைப் பற்றிப் பேசினால் பாம்பனைத் தொடாமல் போக முடியாது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் ஓட்டம் நிறுத்தப்பட்டது. புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் ரயில்கள் ராமநாதபுரத்திலும் மண்டபத்திலும் நின்றுவிட, ராமேஸ்வரம் போகும் ரயில் பயணிகள் அனைவரும் வேனிலும் ஆட்டோவிலும் பேருந்திலும் சாலைப் பாலத்தைக் கடந்தார்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அந்தச் சாலை எந்த நிலையில் இருந்தது என்பதை இங்குள்ளவர்கள் அறிவார்கள். ஒரு ரயில் பாதை எத்தனை வண்டிகளைச் சாலையிலிருந்து அகற்றி வைத்திருக்கிறது என்பது அது நின்றபோதுதான் எங்களுக்குக் கண்கூடாயிற்று. இப்போது பாலம் வந்துவிட்டது, தாம்பரத்திலிருந்து திருவாரூர், காரைக்குடி வழியாகப் புதிய விரைவு ரயிலும் வந்திருக்கிறது. மதுரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே பயணிகள் ரயில்கள் இன்னும் நெருக்கமாக ஓட வேண்டும். ரயில் வந்து நிற்கும் நேரத்துக்குக் கிராமத் தடப் பேருந்துகள் நிலைய வாசலில் காத்திருக்க வேண்டும். ரயிலின் நேரமும் பேருந்தின் நேரமும் வெவ்வேறு அலுவலகங்களில் முடிவாவதால் நடுவில் சிக்கித் தவிப்பவர் பயணிதான்.

இனிப் படகுகள். எங்கள் கரையில் கச்சான் காற்றையும் வாடைக் காற்றையும் பார்த்து வடகடலுக்கும் (பாக் நீரிணைப் பக்கம்) தென்கடலுக்கும் (மன்னார் வளைகுடாப் பக்கம்) மாறி மாறித் தொழிலுக்குப் போன வல்லங்களும் வத்தைகளும் ஒரு தலைமுறைக்கு முன்வரை பாய் விரித்துத்தான் ஓடின. இன்றைக்கு நாட்டுப்படகிலும் எஞ்சின் இருக்கிறது. விசைப்படகோ முழுக்க டீசலில் நிற்கிறது. படகு உரிமையாளர்களான சம்மாட்டிகளிடம் பேசிப் பாருங்கள்: ஒரு முறை கடலுக்குப் போய்வரும் செலவில் பாதிக்கு மேல் டீசலுக்கே போகிறது என்றுதான் சொல்வார்கள். ஒரு விசைப்படகு ஒரு தங்கலுக்கு, அதாவது கடலில் தங்கி மீன்பிடித்துத் திரும்பும் ஒரு பயணத்துக்கு, 400 லிட்டர் எரிக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. மேலே சொன்ன பேருந்து ராமேஸ்வரத்துக்கு முப்பத்தைந்து நடைக்கும் மேல் போனால்தான் அந்த அளவு வரும். இதை மீனவர்மீது சுமத்தும் குற்றமாக நான் எழுதவில்லை. கடல் வெப்பமடைவதன் விளைவை எவரையும்விட முன்னதாக அனுபவிப்பவர்கள் அவர்கள்தாம். மன்னார் வளைகுடாவில் 1998-லும் 2010-லும் 2016-லும் பவளப்பாறைகள் வெளுத்ததை அவர்கள் தண்ணீருக்குள் பார்த்திருக்கிறார்கள். டீசல் குறைந்தால் முதலில் ஆறுதல் அடைவதும் அவர்கள் கைச்செலவுதான்.

எங்கே குறைக்கலாம் என்பது தெரியாத புதிர் அன்று. படகின் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் அதே தூரத்துக்கு ஆகும் எரிபொருள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தைவிடக் கடுமையாக ஏறுவதே காரணம். அடிப்பலகையில் பாசியும் சிப்பியும் ஒட்டியிருந்தால் எஞ்சின் வீணாக உழைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் படகுகள் கரையேற்றிப் பழுதுபார்க்கப்படுகின்றன; அந்த நாட்களில் படகுக்குப் பொருத்தமான உந்துவிசிறியையும் சிக்கனமான எஞ்சினையும் மாற்றிக்கொள்ளக் குறைந்த வட்டிக் கடன் கிடைத்தால் பலர் மாற்றுவார்கள். மீன்பிடிப் படகுகளுக்கு வரிவிலக்கு டீசல் கொடுப்பதை நிறுத்தச் சொல்வோரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சலுகையைப் பறித்தால் கடன்தான் கூடும். அந்தச் சலுகையோடு கூடவே எரிபொருளை மிச்சப்படுத்தும் கருவிக்கும் மானியம் தருவதே நியாயமான வழி. ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் வழியாகக் கடல்நீரின் வெப்பத்தையும் பச்சையத்தையும் பார்த்து, மீன் திரளக்கூடிய இடங்களை அறிவித்து வருகிறது. மீனைத் தேடி அலையும் மணிகள் குறைந்தால் டீசலும் குறையும் என்பதால் அதையும் ஒரு போக்குவரத்துச் சேவையாகவே நான் மதிக்கிறேன்.

இழுவைமடியைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். மடி என்னும் பை வலையைக் கடல் தரையோடு இழுத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஓடும்போது எஞ்சின் முழு பாரத்தில் வேலை செய்கிறது. கிலோ மீனுக்கு ஆகும் டீசல் செவுள் வலையைவிட மிக அதிகம். அதோடு, கார்பனைத் தரைக்குள் சேமித்து வைக்கும் கடற்புல் படுகைகளையும் அது கிழிக்கிறது. ஆவுளியா என்னும் கடற்பசு மேயும் இடமும் அந்தப் படுகைகளே. பாக் நீரிணையின் இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிக்கு மாற்றும் திட்டம் 2017-இல் தொடங்கியது. 80 லட்சம் ரூபாய் படகுக்கு மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து 70 விழுக்காடு மானியம் அறிவித்தன. அந்தத் திட்டம் இலங்கையுடனான கடல் எல்லைப் பிரச்சினையைத் தீர்க்க வந்தது, எரிபொருளைக் குறைக்க வந்ததன்று. ஆழ்கடலுக்குப் போய்வரும் தொலைவுக்கே டீசல் நிறைய ஆகும். எனவே, தூரம் போகாமல் வலை, தூண்டில், கூடு என்று கரையோரத் தொழிலுக்குத் திரும்ப விரும்புகிறவர்களுக்கும் அதே அளவு கைகொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 முதல் சூரிய ஒளியில் ஒரு பயணிகள் படகு ஓடுகிறது. குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகுகளில் அந்த முறையைத் தொடங்கிப் பார்க்கலாம். குறுகிய தூரம், பகல் நேரம், நிறைய வெயில்.

கப்பல்கள் இலங்கையைச் சுற்றாமல் போனால் எரிபொருள் மிச்சமாகும் என்று, கடலடியைத் தோண்டிக் கப்பல் வழி அமைக்கும் சேதுக் கால்வாய்க்கு ஆதரவாக இப்போது காலநிலைக் காரணமும் சொல்லப்படுவதைக் கேட்கிறேன். 2005 ஜூலையில் தொடங்கப்பட்ட அந்தத் திட்டம் 167 கிலோமீட்டர் நீளமும் 12 மீட்டர் ஆழமும் கொண்டதாக வகுக்கப்பட்டது. இன்றைய பெரிய சரக்குக் கப்பல்களுக்கு அந்த ஆழம் போதாது. கால்வாயில் வேகத்தைக் குறைத்து, வழிகாட்டியுடன் போக வேண்டும். மணல் ஓயாமல் நகரும் இந்தக் கடலில் ஆண்டுதோறும் தூர்வாரியாக வேண்டும், அந்த எந்திரங்களும் எண்ணெயில்தான் ஓடும். மிச்சமாகும் எண்ணெயைச் சொல்கிறவர்கள் கலங்கிப் போகும் கடற்புல்லையும் பவளத்தையும் கணக்கின் மறுபக்கத்தில் எழுத வேண்டும். இரண்டையும் எழுதிப் பார்த்தால் இந்தக் கால்வாயைக் காலநிலையின் பெயரால் நியாயப்படுத்த முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மின்சார வாகனங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் மின்தொகுப்பில் நிலக்கரியின் பங்கு பெரிது என்பதால் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. நூறு கிலோமீட்டருக்கு மூன்று யூனிட் எடுக்கும் மின் ஸ்கூட்டர் அப்படியும் பெட்ரோல் ஸ்கூட்டரின் உமிழ்வைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிடும். பேருந்தின் கதை வேறு. கிலோமீட்டருக்கு ஒரு யூனிட் எடுக்கும் மின்பேருந்தின் உமிழ்வு, குளிர்சாதனம் இல்லாத நம் சிக்கனமான டீசல் பேருந்தின் உமிழ்வுக்கு இணையாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கக்கூடும். சூரிய மின்சாரத்தில் ஏற்றினால்தான் அதன் முழுப் பயன் கிடைக்கும். அதற்கான வெயில் இங்கே இருக்கிறது: 2016-இல் கமுதி அருகே 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தபோது உலகிலேயே ஒரே இடத்தில் அமைந்த மிகப் பெரிய நிலையங்களில் ஒன்றாக அது பேசப்பட்டது. பணிமனைக் கூரைகளில் தகடுகள் பதித்து, காலை நெரிசலுக்கும் மாலை நெரிசலுக்கும் இடைப்பட்ட நண்பகலில் பேருந்துகளுக்கு மின்னேற்றம் செய்யும் ஏற்பாட்டோடுதான் மின்பேருந்துகள் எங்கள் மாவட்டத்துக்கு வர வேண்டும்.

உமிழ்வைக் குறைப்பது ஒரு பாதி. வரப்போகும் மழையையும் காற்றையும் தாங்குவது மறு பாதி. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடிப் பயணிகள் ரயில் அதில் இருந்தவர்களோடு கடலுக்குள் போனதையும், பாம்பன் பாலத்தின் தூண்கள்மீது இருந்த இரும்புப் பாகங்கள் அடித்துச் செல்லப்பட்டதையும் இந்தக் கரை மறக்கவில்லை. பாலம் 46 நாட்களில் சீர்செய்யப்பட்டது. தனுஷ்கோடிப் பாதை திரும்பவே இல்லை. 2023 டிசம்பரில் பக்கத்து மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லி அரித்துப் போக, திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது சுமக்கக்கூடிய ஈரம் சுமார் ஏழு விழுக்காடு கூடும் என்பது இயற்பியல். இத்தகைய மழைகள் இனி அரிதானவையாக இருக்கும் என்று நம்பித் திட்டமிட முடியாது.

எங்கள் மாவட்டத்தில் தண்ணீர் மேற்கிலிருந்து கண்மாய் கண்மாயாக நிரம்பி, உபரிநீர் வெளியேறும் கலுங்கு வழிந்து, ஓடைகளில் இறங்கிக் கிழக்கேயும் தெற்கேயும் கடலைச் சேர்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை அந்த ஓட்டத்தின் குறுக்கே கிடக்கிறது. சாலையை உயர்த்தி அகலப்படுத்துகிறவர்கள் அடியில் போதிய சிறுபாலங்களை வைக்காவிட்டால், சாலையே கரையாக நின்று தண்ணீரை மேற்குப் பக்கத்து வீடுகளுக்குள் தள்ளும்; ஒரு நாள் அந்தக் கரையும் உடையும். அன்றைக்குப் பேருந்தும் இல்லை, ஆம்புலன்ஸும் இல்லை.

காரைக்குடியிலிருந்து தொண்டி, ராமநாதபுரம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் பாதை வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கையை நான் இதனோடு சேர்த்தே பார்க்கிறேன். அந்தப் பாதை வந்தால் வாலிநோக்கத்து உப்பும், கரிமூட்டத்துக் கரியும், முண்டு மிளகாயும், ஐஸ் பெட்டியில் போகும் மீனும் லாரியிலிருந்து ரயிலுக்கு மாற முடியும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது டயருக்கு ஆகும் இழுவிசையில் சிறு பகுதியே ஆகும் என்பதால் டன்னுக்கு ஆகும் எரிபொருள் பல மடங்கு குறையும். ஏர்வாடி தர்காவுக்கு வருகிறவர்களுக்கும் இன்று சாலையை விட்டால் வேறு வழி இல்லை. ஆனால் பாதையைக் கடலை ஒட்டி மணலில் போடக்கூடாது. கண்மாய்களுக்கு இடையே மேட்டு நிலம் பார்த்து, ஒவ்வொரு வரத்துக் காலுக்கும் கலுங்கு ஓடைக்கும் இன்றைய தேவையைவிடப் பெரிய திறப்பு விட்டுப் போட வேண்டும். பெருமழையில் எந்த ஓடை எவ்வளவு அகலத்துக்குப் பெருகும், எந்தத் தாழ்வில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கும் என்பதை வரைபடத்தைவிடத் துல்லியமாகச் சொல்லக்கூடிய, கண்மாய்த் தண்ணீரைப் பங்கிட்டுப் பாய்ச்சும் நீர்ப்பாய்ச்சிகள் இன்னும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். நில அளவைக்கு வருகிறவர்கள் கருவியை நிறுத்துவதற்கு முன்னால் அவர்களை உடன் அழைத்துக்கொண்டு கண்மாய்க் கரைகளில் ஒரு முறை நடந்துவிட்டு வர வேண்டும்.